45 மைக்ரான் உதைப்பு

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உதைப்பே கிடையாது என்று பலரும் சொல்லக் கேட்கலாம். உண்டு. கணக்குப் போட்டே காட்டிவிடலாம். 0.53 கிராம் எடையுள்ள ஈய பெல்லட் ஒன்று, ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளக் குழலைக் கடந்து வெளியேறுகிறது. அதைச் சுடும் துப்பாக்கியின் எடை 5 கிலோ. பெல்லட் முன்னே போனால் துப்பாக்கி பின்னே வந்தே ஆக வேண்டும். இரண்டின் எடை விகிதப்படி, பெல்லட் குழலின் வாயை எட்டுவதற்குள் துப்பாக்கி பின்வாங்கும் தூரம் 0.045 மில்லிமீட்டர். அதாவது 45 மைக்ரான்.

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத்தில் நிற்கும் எவரிடமும் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அற்பம் என்று ஒதுக்க மாட்டார்கள். பம்பு ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் 45 மைக்ரான் கூடினால் பேரிங் ஏறாது, குறைந்தால் ஆடும். ஊர் முழுக்க அந்த அளவிலேயே வேலை பார்த்துப் பழகிய கைகள். அதனால்தான் இந்தத் துப்பாக்கியின் உள்வேலைப்பாட்டை ரசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எதற்காக இவ்வளவு நுட்பம் என்பது இலக்கைப் பார்த்தால் புரியும். ஏர் ரைஃபிள் இலக்கின் நட்டநடுவே உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கிருந்து ஒவ்வொரு வளையமும் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே விரிகிறது. இப்போதெல்லாம் மதிப்பெண்ணைத் தசமத்தில் கணக்கிடுகிறார்கள், 0.1 மதிப்பெண்ணுக்குக் கால் மில்லிமீட்டர். நட்டநடுவில் விழுந்தால் 10.9. தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். ஒன்றுகூடப் பிசகாமல் சுட்டால் 654.0.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கடைசி ஒரு ஷாட் மீதமிருந்தபோது, தகுதிச் சுற்றையும் இறுதிச் சுற்றையும் கூட்டும் அன்றைய கணக்கில், அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் 689.7 என்று சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார். ஹாக்கினெனுக்கு 9.7 வந்தது. இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த இரு பெல்லட்டுகளும் நடுவிலிருந்து விலகிய தூரங்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. 2012 லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் 701.1 எடுத்து வெண்கலம் வென்றார்; வெள்ளிக்கும் அவருக்கும் நடுவே 0.4. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தார். உலகத்தின் எந்த மேடையிலும் மதிக்கத்தக்க எண் அது. அன்றைக்குப் பத்தாவது இடம்தான் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேரே போக முடியும். இப்படிப்பட்ட விளையாட்டில் துப்பாக்கிக்குள் நடக்கும் எதையும் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

இப்போது ஒரு கேள்வி. அந்த 45 மைக்ரான் நகர்வு குழலின் நேர்கோட்டில் பின்னோக்கி நிகழ்வது. பக்கவாட்டில் இல்லை, மேல்நோக்கியும் பெரிதாக இல்லை. அது பெல்லட்டின் திசையை அவ்வளவாகக் கெடுக்காது. உதைப்பு தோளில் உறைப்பதற்குள் பெல்லட் குழலை விட்டுப் போய்விடுகிறது. அப்படியிருக்க, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இத்துப்பாக்கிகளைச் செய்பவர்கள் அந்த உதைப்பைத் தின்பதற்கென்றே உள்ளே ஒரு நகரும் எடையை ஏன் வைத்தார்கள்? இதற்கு விடை காணும் முன் காற்றின் வழியே கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

குழலுக்குக் கீழே நீண்டிருக்கும் சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போல் எண்பது தொண்ணூறு மடங்கு. இந்த அழுத்தத்தை அப்படியே பெல்லட்டின் முதுகில் விட்டால் முதல் ஷாட் ஒரு வேகத்தில் போகும், ஐம்பதாவது வேறு வேகத்தில் போகும். சிலிண்டர் காலியாகக் காலியாக வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது ரெகுலேட்டர். கட்டைவிரல் பருமனுக்குள் அடங்கும் அந்த உறுப்பில் ஒரு பிஸ்டன், அதைத் தாங்கிப் பிடிக்கும் சற்றே குவிந்த எஃகு வாஷர்களின் அடுக்கு, ஒரு சிறு இருக்கை, சில ஓ-ரிங்குகள். அவ்வளவுதான். காற்று உள்ளே நுழைந்து, முன்னறையில் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், பிஸ்டன் வாஷர்களை அமுக்கிக்கொண்டு நகர்ந்து தன் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. சுட்டதும் அறை காலியாகும், வாஷர்கள் நிமிரும், வாய் திறக்கும், மீண்டும் நிரம்பும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. காற்றின் தள்ளுவிசையும் எஃகின் நிமிர்வும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன.

அந்தச் சரிபார்ப்பு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க விநாடியில் நூறில் ஆறு பங்கு ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். சைட்டைச் சரிசெய்து வைத்திருப்பதால் இந்த 17 நமக்குத் தெரிவதில்லை. ஆனால் வேகம் விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ அந்த வீழ்ச்சி 0.2 மில்லிமீட்டர் மாறும். ஏறக்குறைய 0.1 மதிப்பெண். மூன்று மீட்டர் தள்ளாடினால் பத்துப் புள்ளியைக் காட்டிலும் பெரிய தூரம் போய்விடும். சுடுபவர் மூச்சையும் நாடித்துடிப்பையும் அடக்கிச் சேர்த்த நுட்பத்தை, தேய்ந்துபோன ஓ-ரிங் ஒன்று சத்தமில்லாமல் செலவழித்துவிடும்.

ரெகுலேட்டருக்கு அப்பால் ஒரு வால்வு, அதை அடித்துத் திறக்கும் ஒரு சுத்தி, சுத்தியைத் தள்ளும் ஸ்பிரிங். இந்த மூன்றின் இணக்கத்தில்தான் டியூனிங் என்ற கலையின் முழு அழகும் இருக்கிறது. ஸ்பிரிங்கை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே வேகமானியில் சுட்டுப் பார்த்தால் வேகம் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது, சமதளமாகிவிடும். காற்றிடமிருந்து வாங்க முடிந்ததையெல்லாம் பெல்லட் வாங்கிக்கொண்டாயிற்று. இனி வால்வு எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் வீண் காற்றுதான் வெளியே போகும். தேர்ந்த மெக்கானிக் ஸ்பிரிங்கை அந்த ஏற்றமும் சமதளமும் சந்திக்கும் வளைவுக்குச் சற்று முன்னால் நிறுத்துவார். அந்த இடத்தில் சுத்தியின் அடி சிறிது கூடினாலும் குறைந்தாலும் வேகம் பெரிதாக அசையாது, காற்றும் வீணாகாது. அதிகபட்ச வேகத்தைத் தேடாமல், தவறு நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேடி நிறுத்துகிறாரே, அந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

வீண் காற்று என்றேன். அது வெறும் சிக்கனம் பற்றிய பேச்சு இல்லை. காற்றுக்கும் எடை உண்டு. 200 பாரில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 240 கிராம் இருக்கும். ஒரு ஷாட்டுக்குச் செலவாகும் காற்று ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்; ஆனால் அது பெல்லட்டைவிட வேகமாகக் குழல்வாயிலிருந்து பீறிடுகிறது. உதைப்பில் அதற்கும் கணிசமான பங்கு உண்டு. வேறு வகைத் துப்பாக்கிகளில் குழல்வாயில் துளைகளிட்ட காம்பென்சேட்டரைப் பொருத்தி அந்தக் காற்றைப் பக்கவாட்டில் பிரித்துவிடுவார்கள். ஒலிம்பிக் ரைஃபிளில் அதற்கு விதி இடம் கொடுக்கவில்லை. காம்பென்சேட்டரும் கூடாது, துளையிட்ட குழலும் கூடாது. ஆகவே குழல்வாயில் சமாளிக்க முடியாததை உள்ளே, வால்விலேயே, அளந்து ஊற்றிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தடை இல்லாதிருந்தால் உள்வேலைப்பாடு இவ்வளவு நயமாக வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

அழுத்தக் காற்று கொங்கு நாட்டுக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1960-இல் தொடங்கி இன்று உலகெங்கும் கம்ப்ரசர் விற்கும் எல்ஜி நிறுவனம் கோவையினுடையது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கம்ப்ரசர் காற்றை விட்டுத் தண்ணீரை மேலே தள்ளுவது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் துப்பாக்கிச் சிலிண்டரில் அடைக்கும் காற்று அந்தக் காற்று அல்ல; எண்ணெய் கலக்காத, ஈரம் நீங்கிய காற்றாக இருக்க வேண்டும். கால் லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் வெளிக்காற்றில் 50 லிட்டர் உள்ளே போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் வீசும் நாட்களில், அந்த 50 லிட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம் நீராவி இருக்கும். அவ்வளவு அழுத்தத்தில் அது ஆவியாக நிற்க முடியாது, நீராக இறங்கிவிடும். வழியில் பிரித்தெடுக்காவிட்டால் ரெகுலேட்டரின் இருக்கையில் போய் உட்கார்ந்து துருவை ஆரம்பித்துவைக்கும். ஆனி ஆடியில் காற்று நிரப்பும்போது ஈரமுறிஞ்சிக் குப்பியின் மணிகள் நிறம் மாறிவிட்டனவா என்று குனிந்து பார்ப்பவரை நம்பித் துப்பாக்கியைக் கொடுக்கலாம்.

இந்த வேலைப்பாட்டின் உறவினர்கள் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ராணுவத் துப்பாக்கி. 1966-இல் தொடங்கிய திருச்சி ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இன்சாஸ் போன்ற ரைஃபிள்களில், குண்டைத் தள்ளிய வெடிவாயுவில் ஒரு பகுதி குழலின் மேலிருக்கும் சிறு துளை வழியே பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் பழைய தோட்டாவின் கூட்டை வெளியே எறிந்து புதியதை ஏற்றுகிறது. சைலன்சர் பொருத்தினால் வாயு வெளியேற முடியாமல் திரும்பி உள்ளே அமுக்கும். போல்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும். அதைச் சமன்செய்ய வாயுத் துளையைக் குறுக்குவார்கள்; பின்னால் பஃபர் உள்ள வகைகளில் அதன் எடையைக் கூட்டுவார்கள். அவையெல்லாம் நம் நாட்டில் பொதுமக்கள் கைக்கு வரும் பொருள்கள் அல்ல, வரவும் வேண்டாம். ஆனால் அங்கே நடக்கும் பேரம் இதேதான்: இவ்வளவு வாயு, இவ்வளவு எடை, இவ்வளவு ஸ்பிரிங்.

இன்னொரு உறவினர் நமக்கு நெருக்கமானவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி. இந்தியா முழுக்க ஆழ்துளை போடுகிற அந்த வண்டிகள் மண்ணுக்குள் இறக்கும் ஹேமரைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஏர் ரைஃபிளின் வால்வு அந்நியமாகத் தெரியாது. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே 300 பி.எஸ்.ஐ. போல இறங்கும் காற்று, பல கிலோ எடையுள்ள எஃகுப் பிஸ்டன் ஒன்றைத் தூக்குகிறது. பிஸ்டன் ஓர் எல்லைக்கு மேல் ஏறியதும் காற்று வரும் வாசல் மாறுகிறது. இப்போது அதே காற்று மேலிருந்து அதைக் கீழே அறைகிறது. பிஸ்டன் பிட்டின் தலையில் மோதும் கணத்தில் கீழ்வாசல் திறந்து, காற்று பாறைத்தூளை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கும் மேல். வாசல்களைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் உடல்தான். தனியாக ஒரு வால்வும் ஏவலாளியும் இல்லை. ஹேமருக்கு மிஞ்சிய காற்றை நேராகக் கீழே விட்டுத் தூளை அள்ளிவர சோக் என்ற சிறு துளைக்கட்டை உண்டு. பெரிய சோக் போட்டால் துளை சுத்தமாகும், அடி தளரும். சிறியது போட்டால் அடி வலுக்கும், தூள் தேங்கும். ஈரோட்டுப் பக்கம் கருங்கல், அதைத் தாண்டினால் வேறு பாறை என்று ஊருக்கு ஊர் யோசித்து சோக் மாற்றுகிற டிரில்லரும், வால்வு ஸ்பிரிங்கைக் கால் சுற்று திருப்பிவிட்டு வேகமானியைப் பார்க்கும் மெக்கானிக்கும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்கள். ஒருவர் ஆயிரம் அடி ஆழத்தில், இன்னொருவர் அரை மில்லிமீட்டரில்.

சரி, அந்த நகரும் எடைக்கு வருவோம்.

காற்றுச் சிலிண்டர் வருவதற்கு முந்தைய காலத்தில் போட்டித் துப்பாக்கிகளும் ஸ்பிரிங் பிஸ்டனில்தான் ஓடின. பெரிய சுருள்வில் விரிந்து கனமான பிஸ்டனை முன்னே எறியும். அது இடித்து நிற்கும். அந்த இடி பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே நிகழும். 1960-களில் இதற்கு இரண்டு அற்புதமான விடைகள் வந்தன. டயானா நிறுவனத்துக்காக கிஸ் என்ற பொறியாளர் வகுத்த முறையில், முன்னே ஓடும் பிஸ்டனுக்கு இணையாகப் பின்னே ஓட இன்னொரு பிஸ்டனை வைத்தார்கள். இரண்டும் பல்சக்கரத்தால் பிணைக்கப்பட்டு ஒரே கணத்தில் எதிரெதிரே ஓடி ஒன்றின் உதையை மற்றொன்று தீர்த்தன. ஃபைன்வெர்க்பாவ் நிறுவனமோ இயந்திரம் முழுவதையும் குழலோடு சேர்த்துச் சிறு தண்டவாளங்களின் மேல் வைத்துவிட்டது. சுட்டதும் மேல்பாகம் மட்டும் வழுக்கிப் பின்னே போகும், தோளில் பதிந்த கட்டை அப்படியே நிற்கும். இரண்டில் எது அழகு என்று கேட்டால், உழைப்பில் முதலாவது, அறிவில் இரண்டாவது என்பேன்.

அழுத்தக் காற்றுத் துப்பாக்கியில் பெரிய பிஸ்டன் ஒழிந்தது. மிஞ்சியது பெல்லட்டும் காற்றும் உண்டாக்கும் மெல்லிய உதைப்பு மட்டும். அதையும் விடக்கூடாது என்று வந்ததுதான் அப்சார்பர். பெல்லட் முன்னே போகும் அதே கணத்தில் ஒரு சிறு எடை பின்னே போகிறது. சில வடிவங்களில் வால்விலிருந்து பிரியும் துளிக் காற்று அதைத் தள்ளுகிறது, வேறு சிலவற்றில் ஸ்பிரிங்கும் சடத்துவமும் போதும். கணக்கு எளிது. அரைக் கிராம் பெல்லட்டின் உந்தத்துக்கு ஈடுகொடுக்க 50 கிராம் எடை விநாடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் ஓடினால் சரியாகிவிடும். பெல்லட் ஒரு பக்கம், எடை மறுபக்கம், நடுவில் துப்பாக்கி நின்ற இடத்தில் நிற்கும். ஓடிய எடையைப் பிறகு ஒரு மென்மையான ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. உதைப்பு அழிந்துபோவதில்லை, அழியவும் முடியாது. ஒரே மொத்தமாகக் கட்ட வேண்டிய கடனைத் தவணையாக்கிக் கொடுத்த மாதிரி, சில மில்லிவிநாடியில் அறைய வேண்டியது பலமடங்கு நேரத்துக்குப் பரவி, தோளுக்கு உறைக்காமல் வந்து சேர்கிறது.

இத்தனையும் பெல்லட்டுக்காக அல்ல என்பதுதான் நான் சொல்ல வந்தது. அது போய்விட்டது. இந்த ஏற்பாடு சுடுபவரின் கண்ணுக்காக.

பயிற்சி ரேஞ்சில் நின்று பார்த்தால் தெரியும். சுட்டதும் துப்பாக்கியை இறக்கக் கூடாது. சைட் வளையத்துக்குள் இலக்கின் கருவட்டத்தை இரண்டு மூன்று விநாடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபாலோ த்ரூ என்பார்கள். "சுட்ட பொறவும் பாரு கண்ணு, அவசரப்படாத" என்று பயிற்சியாளர் சொல்வதைக் கேட்காத நாள் இருக்காது. ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைத் திறப்பதற்கு முன் அவர் கேட்பார்:

"எங்க போச்சு, சொல்லு?"

"ஒம்பது மணிப் பக்கமுங்க சார். பத்து நாலு இருக்கும்."

பிறகுதான் மானிட்டர். சொன்னதும் அங்கே தெரிவதும் ஒத்துப்போனால் அந்தப் பிள்ளைக்குத் தன் தவறு எது, எவ்வளவு என்று தெரிந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஷாட்டில் அதைத் திருத்தலாம். உதைப்பு பெரிதாக இருந்தால் டிரிகர் விழுந்த கணத்தில் சைட் துள்ளிக் கலைந்துவிடும். கைதான் இழுத்ததா, உதைதான் தள்ளியதா என்று பிரித்தறிய முடியாது. நகரும் எடை அந்தக் கணத்தைத் தெளிவாக்கிக் கொடுக்கிறது. சுடுபவருக்கும் அவருடைய பிழைக்கும் நடுவே வேறெதுவும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்கிறது. 45 மைக்ரானுக்காக ஒருவர் ஒரு பட்டறையை வைத்து வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார் என்றால் அதற்காகத்தான்.

அதனால்தான் வெளியே குழலில் மாட்டும் எடைகளிலும் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. விதிப்படி சைட் உட்பட மொத்த எடை ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் எங்கே எவ்வளவு என்பது அவரவர் உடலுக்கான தீர்ப்பு. நூறு கிராம் எடை ஒன்று தாங்கும் கையிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 60-க்கு நகர்த்தினால் அந்த எடைக்காகக் கை தாங்க வேண்டிய இழுவை ஒன்றரை மடங்காகும். ஆனால் குழல்வாய் அலைவதற்கு அந்த எடை காட்டும் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும், ஏனென்றால் அது தூரத்தின் வர்க்கத்தில் வளர்வது. கொடுக்கும் விலையைவிடக் கிடைக்கும் அமைதி அதிகம். ஒல்லியான பிள்ளைகளுக்கு இது ஒரு வரம்: அடிப்பக்கத்திலிருந்து கனத்தைக் கழற்றிவிட்டு, அதில் பாதியை மட்டும் குழல்வாய்ப் பக்கம் மாட்டினால், மொத்தத் துப்பாக்கி இலேசாகியும் முனை நிதானமாக நிற்கும். அதிகமானால் அதுவும் கெடுதல். முனை அலைவது நின்றுவிடும். ஆனால் இலக்கைவிட்டு விலகிய முனை திரும்பி வர மறுக்கும், தோளும் இடுப்பும் நாற்பதாவது ஷாட்டில் சோர்ந்துபோகும்.

இன்னொரு சிறு விஷயத்தையும் கவனித்திருக்கிறேன், யாரும் அதிகம் பேசாதது. கால் லிட்டர் சிலிண்டரில் நிறைந்த காற்றின் எடை 60 கிராம். 80 பாருக்கு இறங்கும்போது 24. சுடச்சுட முன்பக்கத்திலிருந்து 36 கிராம் கழன்றுகொண்டே போகிறது. எடையைப் பத்துப் பத்துக் கிராமாக நகர்த்திச் சமன்செய்தவர் பாதிச் சிலிண்டரோடு போட்டிக்குப் போகக் கூடாது. கருத்தாகச் சுடுபவர்கள் பயிற்சியிலும் ஒரே நிரப்பளவில் தொடங்குவது இதனால்தான்.

குழலும் வால்வும் ரெகுலேட்டரும் இன்னும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே வருகின்றன, விலையும் அப்படி. அதனால் கிளப்பில் ஒரே துப்பாக்கியைப் பல பிள்ளைகள் மாறி மாறிச் சுடுகிறார்கள். முதல் பையனுக்கு அமைத்த எடையிலேயே அடுத்து வரும் சிறுமியும் சுடுகிறாள். இது தேவையற்ற குறை. துப்பாக்கியைத்தான் பகிர வேண்டியிருக்கிறது, எடைகளை அல்ல. பித்தளைத் தண்டிலிருந்து ஆறு கன சென்டிமீட்டர் வெட்டினால் ஐம்பது கிராம் வளையம் ஒன்று கிடைக்கும். பீளமேட்டில் எந்த லேத்திலும் அரைமணி நேர வேலை. குழல் உறையின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து கொடுங்கள். வளையத்தை ஒரு பக்கம் பிளந்து ஆலன் திருகு வைக்கச் சொல்லுங்கள். உள்விட்டத்தில் இழைப்புத் தடம் இல்லாமல் மெருகேற்றச் சொல்லுங்கள். மாட்டி இறுக்கியபின் விரல்நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். அதிர்வோ கிணுகிணுப்போ கேட்டால் வளையம் தளர்ந்திருக்கிறது. அதைக் கழற்றி, உள்விட்டத்தைத் திரும்பவும் பார்க்க வேண்டும். தளர்ந்த எடை ஒவ்வொரு ஷாட்டிலும் தன் விருப்பப்படி நகரும். உள்ளே அப்சார்பர் இருந்தும் பயனில்லாமல் போகும்.